முற்றத்தை மூடிய பிறகு

செங்கோட்டையில் ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் ஊரே குளிர்ந்துபோகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று தள்ளிக்கொண்டு வரும் தூவானம் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதமும் என் மகளுக்கு மூச்சிளைப்புக் காலமாக இருந்தது. 2020இல், அவளுடைய மூன்றாவது வயதில் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். படுத்தால் மூச்சு முட்டும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்துக்கொண்டே, எப்போது விடியும் என்று நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்போம்.

லாரிகள்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். புளியரைச் சோதனைச்சாவடி வழியாகக் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகளின் சத்தம் எங்கள் தெருமுனையில் இரவெல்லாம் கேட்கும். திண்ணையில் விரலால் கோடு போட்டால் வெள்ளையாகத் தூசி ஒட்டும். அதனால் ஜன்னலை மூடினோம். சாரல் உள்ளே அடிக்கிறது என்று புறவாசல் கதவையும் மூடினோம். அவளுக்கு மூச்சு முட்ட முட்ட, நாங்கள் வீட்டை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே வந்தோம்.

2022 ஆவணியில் புனலூரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். என் கணவருக்கு அங்கேதான் கடை வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். அந்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதுவரை எங்களிடம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "ராத்திரி முறியில் எந்தா கத்திக்குன்னது?" படுக்கிற அறையில் என்ன கொளுத்துகிறீர்கள் என்று அர்த்தம். கொசுவர்த்திச் சுருள் என்றேன். விறகடுப்பு உண்டா, சாம்பிராணி போடுகிறீர்களா, சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. தினமும் உறிஞ்சவேண்டிய இன்ஹேலரையும், அதைப் பிள்ளைக்கு ஏற்றவாறு கொடுக்க ஸ்பேசர் என்ற புட்டி போன்ற குழாயையும் எழுதிக்கொடுத்துவிட்டு, மருந்து பாதி, வீடு பாதி என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் காற்று சரியானதும் நாங்களாக மருந்தை நிறுத்தவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அவரே அளவைக் குறைத்தார். புகையை நிறுத்திவிட்டோமே, இன்ஹேலர் எதற்கு என்று யாரும் தாங்களாக முடிவெடுத்துவிடக் கூடாது.

பிறகு என் கணவர் நாலாயிரம் ரூபாய்க்குள் ஒரு சின்ன அளவுமானி வாங்கினார். காற்றில் மிதக்கும் நுண்துகளை, அதாவது பி.எம். 2.5 என்பதை, அது எண்ணாகக் காட்டும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ள துகள் அது. மூக்கு முடியிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் கிளைவரை போய்விடும். ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. நம் நாட்டு வரம்பு 60. இந்த இரண்டு எண்ணையும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி மாட்டிவிட்டு, ஒரு வாரம் வீட்டில் என்ன நடந்தாலும் பக்கத்தில் எண்ணைக் குறித்தேன்.

முதல் நாள் இரவே நெஞ்சு திக்கென்றது. லாரிகள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் திண்ணையில் வைத்துப் பார்த்தபோது 48. ஜன்னலை மூடிச் சுருள் கொளுத்திய படுக்கையறையில், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்த கட்டில் ஓரத்தில், பதினோரு மணிக்கு 640. நாற்பத்தெட்டுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, அறுநூற்று நாற்பதில் பிள்ளையைப் படுக்கவைத்திருக்கிறேன்.

விடிகாலையில் அத்தை வெந்நீருக்கு விறகடுப்பு பற்றவைத்தார்கள். வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் 999. அந்தக் கருவியால் அதற்கு மேல் காட்ட முடியாது. கேஸ் அடுப்பில் தோசை ஊற்றும்போது 110, கடுகும் வத்தலும் தாளிக்கும்போது 190. பூந்துடைப்பத்தால் பட்டாசலை, அதாவது முன்கூடத்தை, பெருக்கியபோதுகூட எண்ணிக்கை இரண்டு மடங்காக ஏறி, இறங்க முக்கால் மணி நேரமானது. மருத்துவர் கேட்ட கேள்விகளின் வரிசையிலேயே பதில்கள் வந்து நின்றன.

(இந்தக் கருவி வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒளிச்சிதறலை வைத்து எண்ணும் சாதனம் இது. சாரல் அடிக்கும் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் நீர்த்திவலையையும் தூசி என்று எண்ணிவிடும். நனையாத, ஈரம் குறைந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பாருங்கள்.)

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் அடுத்தது புரியும். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர். என் கணவரின் தாத்தா அந்தக் காலத்தில் கட்டியது இந்த வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், அதனால் பக்கவாட்டில் ஒரு ஜன்னலும் கிடையாது. கிழக்கே தெருவாசல், நடை, பட்டாசல், ஒட்டி அரங்கு என்கிற ஒரு இருட்டு உள்ளறை, நடுவில் முற்றம், அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அடுக்களை, மேற்கே புறவாசல். ரயில்பெட்டி மாதிரி நீளமான வீடு. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அந்த முற்றம் ஒன்றுதான் வழி.

அந்த முற்றத்தை 2019இல் மூடினோம். சாரலில் பாசி பிடித்திருந்த கல்லில் வழுக்கி விழுந்து பிள்ளைக்கு மோவாய் கிழிந்துவிட்டது, மூன்று தையல். அடுத்த வாரமே இரும்புச் சட்டம் அடித்து, பாலிகார்பனேட் ஷீட் போட்டு, ஓரத்தில் ஒரு இடைவெளியும் விடாமல் சிலிகான் வைத்து அடைத்தோம். வெளிச்சம் வந்தது, நனையவில்லை. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. அதற்கு அடுத்த வருடம் இளைப்பு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது.

சேர்த்துப் பார்த்தது அத்தைதான். விறகடுப்பையும் சாம்பிராணியையும் நான் குறை சொல்கிறேன் என்று அவர்களுக்கு வருத்தம். "நாலு பிள்ளை பெத்தேன். நாலுக்கும் தல குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டாத நாள் கெடையாது. இதே அடுப்புலதான் ஆக்கினேன். ஒண்ணுக்காவது இளைச்சுதா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி ஷீட்டைப் பார்த்தபடி தானாகவே சொன்னார்கள்: "அப்பம் முற்றம் தொறந்துல்லா கெடந்துச்சு."

அவ்வளவுதான் விஷயம். சூடான காற்றும் புகையும் மேலே ஏறும். மேலே திறப்பு இருந்தால் வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழே வாசல் வழியாகப் புதுக் காற்று வரும். ஓட்டுக்கு மேலே வீசும் மேல்காற்றும் முற்றத்து வாயிலிருந்து காற்றை உறிஞ்சி இழுக்கும். கரண்டே இல்லாமல் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்த ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைச் சிலிகான் வைத்து அடைத்துவிட்டோம். பழைய ஆட்கள் புகையோடு வாழ்ந்தார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. புகை போக வழி வைத்துவிட்டு வாழ்ந்தார்கள். அப்படியும் அடுப்பு முன்னால் குனிந்து ஊதுகுழலை ஊதிய பெண்களின் கண்ணும் நெஞ்சும் பாழானதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அத்தைக்கே இருபது வருட இருமல் உண்டு. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதை நான் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள்.

ஷீட்டைக் கழற்றி எறிய மனம் வரவில்லை, சாரலும் தையலும் நினைவில் இருந்தன. வெல்டிங் செய்கிறவரை அழைத்து, இரும்புச் சட்டத்தை அப்படியே ஒன்றரை அடி உயர்த்தச் சொன்னோம். நாலு மூலையிலும் பைப் வைத்துத் தூக்கி, சுற்றிலும் உண்டான இடைவெளியில் கொசு வராமல் நைலான் வலை அடித்தோம். ஷீட் நாலு பக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மழை நேராக விழாது. சாரல் சாய்ந்து அடிக்கும்போது மேற்குப் பக்கம் கொஞ்சம் தெளிக்கும், அவ்வளவுதான். மொத்தச் செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம். கல்தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கியது தனி.

வேலை முடிந்த அன்று ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வீடு முழுக்க நடந்து பார்த்தேன். செலவில்லாத நல்ல சோதனை அது. ஊதுபத்தியைக் கதவிடுக்கிலும் ஜன்னல் ஓரத்திலும் அசையாமல் பிடித்தால், காற்று எங்கே வருகிறது, எங்கே போகிறது, எங்கே நின்றுபோய்விட்டது என்று புகை காட்டிக்கொடுக்கும். நடையில் பிடித்தபோது புகை உள்நோக்கிச் சாய்ந்தது. முற்றத்தில் நேராக மேலே போனது. அரங்கில் மட்டும் தலைக்கு மேல் மந்தாரமாக நின்றது. அண்ணாந்து பார்த்தால், மேல்சுவரில் இருந்த வென்டிலேட்டர் துளைகளில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருக்கிறது. எந்தக் காலத்தில் யார் அடைத்ததோ. அதைப் பிடுங்கியதும் புகை அந்தத் துளையைத் தேடிப் போனது.

விறகடுப்பை வீட்டுக்குள்ளிருந்து எடுத்தோம். எடுத்த இடத்தில் ஒரு தப்பு செய்தோம். புறவாசலில் தகரக் கொட்டகை போட்டு அடுப்பை அங்கே மாற்றினோம். சித்திரை வைகாசியில் ஒரு குறையும் இல்லை. ஆனி பிறந்து மேல்காற்று எழும்பியதும் கொட்டகைப் புகை அத்தனையும் புறவாசல் கதவு வழியாக வீட்டுக்குள் வந்து இறங்கியது. மேற்கிலிருந்து காற்று வருகிற ஊரில் மேற்கே அடுப்பு வைத்தால் வேறென்ன நடக்கும்? பிறகு அடுப்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர் எழுப்பி, அடுப்பின் மேல் தகரக் கூம்பு வைத்து, புகைக்குழாயை ஓட்டு முகட்டைவிட இரண்டடி மேலே கொண்டுபோனோம். அதன்பின்தான் அடங்கியது. உங்கள் ஊரில் எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று என்று பார்த்துவிட்டு அடுப்புக்கு இடம் தேடுங்கள். எங்கள் எதிர்வீட்டில் அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேனையும் மேற்குச் சுவரில் வைத்து, ஆடிக்காற்றில் இறக்கை பின்பக்கமாகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஃபேனுக்கு வெளியே கீழ்நோக்கிய மூடாக்கு ஒன்று வைத்துக்கொண்டோம்.

கேஸ் அடுப்புக்கு எதற்கு ஃபேன் என்று கேட்பார்கள். கேஸ் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது, இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. எண்ணெய் காய்ந்து எழும் புகை வேறு. அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஃபேனைப் போட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுவது இப்போது எனக்குக் கைப்பழக்கம். ஃபேன் ஓடும்போது எதிர்ப்பக்கம் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் ஃபேன் வெறுமே இரைந்துகொண்டிருக்கும்.

சுருளை நிறுத்தியது எல்லாவற்றிலும் சுலபம், பலனும் அதில்தான் அதிகம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை வைத்துச் செய்த ஆய்வு அது. எங்கள் வீட்டில் சிகரெட் பிடிக்கிற ஆள் ஒருவரும் இல்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஜன்னல்களுக்கு வெல்க்ரோ வைத்த வலை, கட்டிலுக்குக் கொசுவலை, தலைமாட்டில் ஒரு ஃபேன். மூன்றும் சேர்ந்தபின் சுருள் தேவைப்படவில்லை. திரவ மருந்து மெஷினில் புகை இல்லை என்பது சரி, ஆனாலும் அதுவும் பூச்சிமருந்துதான். யாராவது விருந்தாளி வந்தால் மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் போட்டு அணைத்துவிடுவோம். சந்தையில் முகவரியே இல்லாத பாக்கெட்டில் வரும் கொசு ஊதுபத்தியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பூச்சிமருந்து என்றால் பாக்கெட்டில் பதிவு எண் அச்சடித்திருக்க வேண்டும்.

புகை இவ்வளவில் அடங்கியது. ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், அடங்க இரண்டு வருடம் பிடித்தது.

சாரல் மாதங்களில் எங்கள் வீட்டுச் சுவர் கீழே மூன்றடிக்குப் பொருமிக்கொண்டு நிற்கும். பெயின்ட் அப்பளமாக எழும்பி உதிரும். அலமாரியைத் திறந்தால் பட்டுப்புடவையில்கூட ஊசிப்போன வாடை வரும். அரங்குச் சுவரின் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். ஒரு வருடம் அதை நான் துடைப்பத்தால் காயக்காயத் தேய்த்துத் தட்டினேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவளைத் தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி நெபுலைசர் வைத்தோம். பூஞ்சணத்தின் வித்து காய்ந்த தூசியாகப் பறக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கை மூடும் நல்ல மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகே துணியால் துடைக்கிறேன். துடைத்த துணியையும் அன்றே எறிந்துவிடுகிறேன். சிலர் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைப்பார்கள். அதோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி நெஞ்சைப் பொசுக்கிவிடும்.

ஆனால் துடைப்பது தீர்வே இல்லை, ஈரம் இருக்கும்வரை அது திரும்ப வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது கிடைத்த முதல் விடை எங்கள் துணிக்கொடி. சாரலில் வெளியே காயப்போட முடியாது என்று பட்டாசலில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டியிருந்தோம். என் கணவர் கடையிலிருந்து தொங்கு தராசைக் கொண்டுவந்து, கையால் பிழிந்த ஒரு வாளித் துணியை நிறுத்தார். ஏழு கிலோ இருநூறு. மூன்று நாள் கழித்துக் காய்ந்தபின் அதே துணி நாலரைக் கிலோ. இடைப்பட்ட இரண்டு லிட்டர் எழுநூறு மில்லித் தண்ணீர் எங்கே போனது? சுவருக்கும் மெத்தைக்கும் அலமாரிக்கும்தான். வாரத்துக்கு மூன்று வாளி துவைக்கிறோம். வீட்டுக்குள் வாரம் எட்டு லிட்டர் தண்ணீரை நாங்களே காற்றில் கரைத்துக்கொண்டிருந்தோம்.

கொடியை முற்றத்து ஷீட்டுக்குக் கீழே மாற்றினோம். நனையாது, ஈரம் மேலே வலை வழியாகப் போய்விடும். துவைப்பது கையால் என்றாலும் பிழிவதை மட்டுமாவது வாஷிங் மெஷினில் போடுங்கள், பாதித் தண்ணீர் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது விடை சுவரிலேயே இருந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் காலத்தில் அதை வெளியே விட்டுவிடும். நாங்கள் 2016இல் வீடு பளபளவென்று இருக்கவேண்டும் என்று பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தோம். சுவர் வாயைப் பொத்தியது மாதிரி ஆகிவிட்டது. ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து பெயின்டைத் தள்ளியது. ஒரு பெயின்டர் ஓதம் தடுக்கும் பூச்சு என்று சொல்லிப் பதினாலாயிரம் வாங்கிப் பூசிவிட்டுப் போனார், ஒரே சாரலில் பாளம் பாளமாக வந்துவிட்டது. கடைசியில் பழைய கொத்தனார் ஒருவர் சொன்னபடி பெயின்டை முழுக்கச் சுரண்டி, பங்குனி சித்திரை இரண்டு மாதமும் சுவரை அம்மணமாகக் காயவிட்டு, நீர்த்த சுண்ணாம்பை மூன்று கை அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதன் அர்த்தம் அழகு மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓட்டிலிருந்து வழியும் தண்ணீர் சுவர் அடியில் தேங்காமல் புறவாசலில் ஒரு சாய்கால்வாயும் வெட்டினோம். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தோம்.

காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதமாகக் காட்டும் ஈரமானியில் முன்பு ஆடி மாதம் 88, 90 என்று நின்றது. இப்போது 75க்குப் பக்கத்தில் நிற்கிறது. 60க்குக் கீழே இருந்தால் பூஞ்சணத்துக்குப் பிழைப்பில்லை, மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒழிய 50க்குக் கீழே போகவேண்டும். சாரல் காலத்தில் இந்த ஊரில் அது நடக்காது. ஆகவே தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை கைபொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் பஞ்சு மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்குகிறோம். பூந்துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் தரையைத் துடைக்கிறோம்.

காற்றுச் சுத்திகரிப்பான் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் அதைத்தான் தவணையில் வாங்கினோம், பன்னிரண்டாயிரம். சுருளும் எரிய, அதுவும் ஓட, மூன்றே மாதத்தில் வடிகட்டி கரியாகிவிட்டது. பட்டாசலில் வைத்ததும் தவறு. கதவு திறந்த பெரிய இடத்தில் அதற்கு வேலை இல்லை. புகையை நிறுத்தியபின் படுக்கையறையில் கதவைச் சாத்தி ஓடவிட்டபோதுதான் அதன் அருமை தெரிந்தது. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். வாங்கும்போது அறையை அளந்துகொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை அந்தக் காற்று வடிகட்டி வழியாகப் போகவேண்டுமென்றால் மணிக்கு 170 கன மீட்டர் தள்ளுகிற மெஷின் வேண்டும். பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று போட்டிருக்கும் எண் அதுதான். ஓசோன் விடுகிற வகையைத் தொடாதீர்கள். ஈரத்தையும் கார்பன் மோனாக்சைடையும் எந்தச் சுத்திகரிப்பானும் எடுக்காது.

அந்தக் கார்பன் மோனாக்சைடைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மழைக்குளிருக்குக் கரி கணகணவென்று இருக்கிற கும்முட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீடுகளில் இன்னும் இருக்கிறது. புகை இல்லையே என்று நினைப்பார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தாயும் சேயும் இருக்கிற அறைக்குள் தணல் வேண்டவே வேண்டாம்.

செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று என் நாத்தனார் நாலு தொட்டி கொடுத்தார்கள். 1989இல் நாசா செய்த சோதனையிலிருந்து பரவிய நம்பிக்கை அது. மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்த சோதனை. கட்டடத்துக்குள் காற்று இயல்பாக வந்துபோவதால் கிடைக்கும் பலனைச் செடியிலிருந்து பெற வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். தொட்டி மண்ணின் ஈரத்தில் பூஞ்சணம்தான் கூடும். நாலையும் முற்றத்தில் வைத்துவிட்டோம், பார்க்க நன்றாக இருக்கிறது.

சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செவ்வாய், வெள்ளி அது இல்லாவிட்டால் அத்தைக்கு வீடு வீடாக இருக்காது. அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பூஜை அறையில் கற்பூரம் மட்டும் காட்டிவிட்டு, தூபக்காலை முற்றத்துக் கல்லில், ஷீட் உயர்ந்திருக்கிற நடு இடத்தில் வைக்கிறார்கள். பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்து, நடைக்கதவைச் சாத்துகிறார்கள். தலை குளித்த ஈரமுடிக்குச் சாம்பிராணி காட்டுவது நின்றுவிட்டது, துண்டால் துவட்டி ஃபேனுக்கு அடியில் உட்காரவைக்கிறார்கள்.

இந்த ஆனியிலும் சாரல் நன்றாக அடித்தது. பிள்ளைக்கு எட்டு வயதாகிறது. சளி பிடித்தபோது இரண்டு இரவு இன்ஹேலரைக் கூடுதலாகக் கொடுத்தோம், தென்காசிக்கு ஓடவில்லை. நேற்று இரவு பதினோரு மணிக்குக் கட்டில் ஓரத்தில் 17. முற்றத்தின் மேற்கு ஓரத்தில் சாரல் தெளித்த ஈரத்தை அத்தை சாக்கால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் அந்தப் பக்கம் மட்டுமாவது அடைத்துவிடலாமா என்று என் கணவர் கேட்டார். "நனைஞ்சா தொடச்சுக்கிடலாம். அத அப்பிடியே விடு" என்றார்கள்.